கனடா ஸ்டடி பர்மிட்: ஏஜெண்ட் தரும் காகிதங்களை நாமே சரிபார்ப்பது எப்படி? (விவாத இழை)

கீழடி26 – பதிவு 1

செப்டம்பர் 2026 இன்டேக்குக்கு ஒன்டாரியோவில் இரண்டு வருட டிப்ளமாவுக்குத் தயாராகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறோம். ஊரில் உள்ள கன்சல்டன்சிகள் எல்ஓஏ (கல்லூரிச் சேர்க்கைக் கடிதம்), பிஏஎல் (மாகாணச் சான்றுக் கடிதம்) எல்லாவற்றையும் வாட்ஸப்பில் பிடிஎஃப்பாக அனுப்புகிறார்கள். விண்ணப்பக் கணக்கின் லாகின் கேட்டால் "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்கிறார்கள். மூன்று விஷயம் தெரிய வேண்டும். எல்ஓஏ அசலா போலியா என்று வீட்டிலிருந்தபடியே எப்படிக் கண்டுபிடிப்பது? ஜிஐசி (வாழ்க்கைச் செலவுக்காகக் கனடிய பேங்கில் முன்கூட்டியே போடும் வைப்புத்தொகை) கட்டாயமா? படித்து முடித்ததும் ஒர்க் பர்மிட் நிச்சயம் என்கிறார்களே, அதை எங்கே உறுதி செய்வது? விவரம் தெரிந்த அண்ணன், அக்காமார் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை_மேகம் – பதிவு 2

முதல் கேள்விக்கு. பிடிஎஃப்பை உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முயல வேண்டாம். முத்திரை, லோகோ, கையெழுத்து எல்லாவற்றையும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். கல்லூரியின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்பது ஒன்றுதான் கேள்வி.

கல்லூரியின் இணையதளத்தை நீங்களே தேடித் திறங்கள். கடிதத்தில் இருக்கும் லிங்க்கையும் போன் நம்பரையும் தொட வேண்டாம். சேர்க்கை கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு மாணவர் எண்ணும் போர்ட்டல் கணக்கும் இருக்கும். அந்த எண்ணைப் போட்டு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' கொடுத்துப் பாருங்கள். ரீசெட் மெயில் உங்களுக்கு வராமல் வேறெங்கோ போனால், உங்கள் பெயரில் வேறொருவர் கணக்கு நடத்துகிறார் என்று அர்த்தம். அப்படியானால் கல்லூரியின் சர்வதேச சேர்க்கைப் பிரிவுக்கு உங்கள் சொந்த மெயிலிலிருந்து எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, மாணவர் எண் மூன்றையும் கொடுத்து மூன்றே விஷயம் கேளுங்கள்: இந்தச் சேர்க்கை இப்போது நடப்பில் இருக்கிறதா, ஏதாவது நிபந்தனை பாக்கி இருக்கிறதா, என் பெயரில் இதுவரை எவ்வளவு கட்டணம் வரவாகியிருக்கிறது. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். முழு ஃபீஸை வாங்கிக்கொண்டு டெபாசிட்டை மட்டும் கட்டும் தரகர்கள் மாட்டுவது அந்தக் கேள்வியில்தான்.

எல்ஓஏவில் டிஎல்ஐ எண் என்று ஒன்று இருக்கும். மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற நிறுவனத்துக்கு அரசு கொடுக்கும் எண் அது. முதலில் வருவது ஓ என்ற ஆங்கில எழுத்து, அதன்பின் இலக்கங்கள். அந்த ஓவை பூஜ்யம் என்று நினைத்துத் தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். எண்ணை கனடா அரசின் டிஎல்ஐ பட்டியலில் தேடுங்கள். கல்லூரி பெயர், ஊர், கேம்பஸ் மூன்றும் ஒத்துவர வேண்டும்.

2023 டிசம்பர் 1 முதல் கனடா குடிவரவுத் துறையான ஐஆர்சிசியே ஒவ்வொரு எல்ஓஏவையும் கல்லூரியிடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறது. கல்லூரி 10 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அடுத்த ஓராண்டில் சுமார் 5 லட்சம் கடிதங்களைச் சரிபார்த்ததில் 10,000க்கும் மேல் சந்தேகத்துக்குரியவை என்று கனடா அதிகாரிகளே சொன்னார்கள்.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஜலந்தரில் இருந்த ஒரு ஏஜெண்ட் போலி எல்ஓஏ வைத்து மாணவர்களுக்கு விசா வாங்கிக் கொடுத்தார். கனடாவில் இறங்கியதும் "அந்தக் கல்லூரியில் சீட் இல்லை, வேறு இடத்தில் சேர்ந்துகொள்" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் வேறு கல்லூரியில் ஒழுங்காகப் படித்து முடித்து, வேலையிலும் சேர்ந்து, பிஆருக்கு (நிரந்தர வசிப்புரிமைக்கு) விண்ணப்பித்த பிறகுதான் பழைய எல்ஓஏ போலி என்று தெரிந்தது. நாடு கடத்தும் நோட்டீஸ் வந்தது. 2023 ஜூனில் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஷான் ஃப்ரேசர் தனிக்குழு அமைத்து ஒவ்வொரு கோப்பாகப் பார்க்கச் சொன்னார். அந்த ஏஜெண்டுக்கு 2024இல் வான்கூவரில் மூன்று ஆண்டு சிறை. ஆகவே "சீட் போய்விட்டது, வேறு கல்லூரி பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் உடனே நின்று, முதல் கல்லூரிக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். 2024 நவம்பர் 8 முதல் விதியும் மாறிவிட்டது. கல்லூரி மாறினால் புது ஸ்டடி பர்மிட் வாங்க வேண்டும்.

செங்காந்தள் – பதிவு 3

மேலே சொன்னதோடு பெயர் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பாஸ்போர்ட் பலவற்றில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், முழுப் பெயரும் கிவன் நேமில் இருக்கும். ஐஆர்சிசி படிவத்தில் அப்படிப்பட்டவர்கள் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, முதல் பெயர் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். கல்லூரி சாஃப்ட்வேர் காலியாக விடாது. அதனால் ஒரே பெயரை இரண்டு முறை போட்டுவிடுவார்கள், அல்லது அப்பா பெயரை ஒட்டிவிடுவார்கள். பேங்க் மூன்றாவதாக ஒரு வடிவம் வைத்திருக்கும். எல்ஓஏ, பிஏஎல், ஜிஐசி சான்றிதழ், பாஸ்போர்ட் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து வித்தியாசம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரியிடம் திருத்திய கடிதம் கேளுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதிலும் இதே கவனம் வேண்டும்.

வாட்டர்லூ_வாசி – பதிவு 4

பிஏஎல் பற்றி. 2024 ஜனவரி 22இல் மத்திய அரசு மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைத்தபோது வந்தது இது. மாகாணம் தன் ஒதுக்கீட்டில் உங்களுக்கு ஓர் இடம் தருகிறது என்பதற்கான கடிதம். ஒன்டாரியோவில் மாணவர் நேராக மாகாண அரசிடம் கேட்டு வாங்க முடியாது, கல்லூரி வழியாகத்தான் வரும். "மினிஸ்ட்ரியில் ஆள் இருக்கிறார், பிஏஎல் தனியாக எடுத்துத் தருகிறோம்" என்று யாராவது விலை சொன்னால் அது பொய். பிஏஎல்லில் காலாவதித் தேதி இருக்கும், அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

2026 ஜனவரி 1 முதல் பொதுக் கல்வி நிறுவனங்களில் மாஸ்டர்ஸ், பிஎச்டி சேர்பவர்களுக்கு பிஏஎல் தேவையில்லை. இது தெரியாத மாஸ்டர்ஸ் மாணவர்களிடம் இன்னமும் பிஏஎல் பெயரில் காசு கேட்கிறார்கள். டிப்ளமா, இளங்கலை என்றால் கட்டாயம் வேண்டும்.

ஆனைக்கோட்டை – பதிவு 5

லாகின் தரமாட்டம் எண்டு சொல்லுற கதைக்கு வாறன். எல்லாத்திலயும் பெரிய ஆபத்து இதுதான்.

காசு வாங்கிக்கொண்டு கனடா குடிவரவு விசயத்தில ஆலோசனை சொல்லவோ விண்ணப்பம் செய்து குடுக்கவோ சட்டப்படி சிலருக்குத்தான் உரிமை. மாகாண வழக்கறிஞர் சங்கத்தில இருக்கிற வழக்கறிஞர்கள், கியூபெக் நோட்டரிமார், ஒன்டாரியோவில பாராலீகல்மார், அதோட ஆர்சிஐசி எண்ட உரிமம் உள்ள குடிவரவு ஆலோசகர்கள். ஆர்சிஐசி உரிம எண் ஆர் எண்ட எழுத்தில தொடங்கும். அவையளை ஒழுங்குபடுத்துற சபையின்ர பொதுப் பதிவேடு இணையத்தில இருக்கு. பெயரைப் போட்டுத் தேடி, உரிமம் நடப்பில இருக்கோ, இடைநிறுத்தினதோ எண்டு பாருங்கோ. பேந்து அந்தப் பதிவேட்டில இருக்கிற மின்னஞ்சலுக்கு எழுதி, "என்ர கோப்பை நீங்கள்தான் செய்யிறியளோ" எண்டு கேளுங்கோ. வேற ஆக்களின்ர உரிம எண்ணைத் தங்கட விசிட்டிங் கார்டில அடிச்சு வைச்சிருக்கிற முகவர்கள் இருக்கினம். கேட்டாத்தான் வெளியில வரும்.

உரிமம் உள்ளவர் உங்களுக்காகச் செய்தால், பிரதிநிதியை நியமிக்கிற ஐஎம்எம் 5476 எண்ட படிவத்தில நீங்கள் கையெழுத்து வைப்பியள், அவரின்ர பெயர் விண்ணப்பத்தில தெரியும். உரிமம் இல்லாதவர் என்ன செய்வார் தெரியுமோ? உங்கட பெயரில ஒரு கணக்குத் திறந்து, தன்ர மின்னஞ்சலைக் குடுத்து, நீங்களே விண்ணப்பிச்ச மாதிரி அனுப்புவார். அதில என்ன எழுதினவர் எண்டு உங்களுக்குத் தெரியாது. குடிவரவுத் திணைக்களம் விளக்கம் கேட்டு அனுப்புற கடிதமும் அவரிட்டத்தான் போகும். பதில் சொல்ல நாள் குறிச்சுத்தான் அனுப்புவினம், நீங்கள் அதைக் காண முதலே அந்த நாள் போயிடும்.

பொய்த் தகவல் எண்டு முடிவானால் குடிவரவுச் சட்டத்தின்ர 40ஆம் பிரிவின்படி ஐந்து வருசத் தடை. "முகவர் செய்தவர், எனக்குத் தெரியாது" எண்டு சொல்லித் தப்ப ஏலாது. கையெழுத்து உங்கட, பொறுப்பும் உங்கட. ஆனபடியால் கணக்கு உங்கட மின்னஞ்சலில, கடவுச்சொல் உங்கட கையில, அனுப்பின படிவத்தின்ர பிரதி உங்கட கணினியில. இந்த மூண்டுக்கும் சம்மதிக்காத இடத்தில காசு கட்ட வேண்டாம்.

இலங்கைப் பிள்ளையளுக்கு இன்னொண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர உரிமத்தைச் சுவரில மாட்டி வைச்சிருந்தால் அது ஆக்களை வேலைக்கு அனுப்புறதுக்கான உரிமம். மாணவர் விசாவுக்கு ஆலோசனை சொல்ல அது செல்லாது.

திருகோணமலை_அலை – பதிவு 6

ஒரு சந்தேகம். முன்பு இங்கிலாந்து விசா மறுக்கப்பட்டிருந்தால் கனடா படிவத்தில் அதைப் போட வேண்டாம், கனடாவுக்குத் தெரியாது என்று ஒரு முகவர் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரியா?

ஆனைக்கோட்டை – பதிவு 7

பிழை பிள்ளை, பெரும் பிழை. கனடா "அல்லது வேறு எந்த நாட்டிலும்" மறுக்கப்பட்டதோ எண்டுதான் படிவம் கேட்குது. கனடாவும் இங்கிலாந்தும் அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் குடிவரவுத் தகவல்களைத் தங்களுக்குள்ள பரிமாறுற நாடுகள். மறுப்பு இருக்கெண்டு சொன்னால் ஒரு விளக்கக் கடிதத்தோட முடியும். மறைச்சால் மேல சொன்ன ஐந்து வருசம்.

செங்காந்தள் – பதிவு 8

இப்போது பணம். 2025 செப்டம்பர் 1 முதல் கியூபெக் தவிர்த்த மாகாணங்களுக்கு, தனியாக வரும் மாணவர் முதல் வருட வாழ்க்கைச் செலவுக்கு 22,895 கனடிய டாலர் காட்ட வேண்டும். கூட ஒருவர் வந்தால் இருவருக்கும் சேர்த்து 28,502. முதல் வருடக் கல்லூரிக் கட்டணமும் பயணச் செலவும் இதற்கு மேல். இன்னமும் 20,635 என்று எழுதியிருக்கும் நோட்டீஸ்களைப் பார்த்தால் அது பழைய கணக்கு. 10,000 என்றால் அதற்கும் முந்தையது, 2023 கடைசி வரை இருந்தது.

ஜிஐசி கட்டாயமா என்றால், இல்லை. எஸ்டிஎஸ் என்ற விரைவு ஸ்டடி பர்மிட் திட்டம் இருந்தவரை அந்த வழியில் போகிறவர்களுக்குக் கட்டாயம். அந்தத் திட்டம் 2024 நவம்பர் 8இல் நின்றுவிட்டது. இப்போது பேங்க் கல்விக்கடன் அனுமதிக் கடிதம், கடந்த நான்கு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், கட்டிய ஃபீஸ் ரசீது, உதவித்தொகைக் கடிதம் எல்லாமே ஏற்கப்படும் சான்றுகள்தான். எனவே ஜிஐசி போடாமல் கடன் கடிதத்தோடு போவது தவறில்லை.

மலைக்கோட்டை_மேகம் – பதிவு 9

செங்காந்தள் சொல்வது விதிப்படி சரி. ஆனாலும் கையில் பணம் இருப்பவர்கள் ஜிஐசி போடுவதே நல்லது என்பேன். பணம் கனடிய பேங்கில் உங்கள் பெயரிலேயே இருக்கிறது, வந்து இறங்கியதும் ஒரு தொகை கைக்கு வரும், மீதி மாதாமாதம் வரும். அதிகாரிக்குக் கேள்வி குறைவு. ரெஃப்யூசல் வந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டி பேங்கிலிருந்து திரும்பப் பெறலாம்.

ஒரே நிபந்தனை, ஜிஐசி கணக்கை பேங்க் இணையதளத்தில் நீங்களே திறக்க வேண்டும். பணம் உங்கள் அல்லது பெற்றோர் கணக்கிலிருந்து பேங்க் வழியாக நேரே போக வேண்டும். ஏஜெண்ட் கணக்குக்குப் போட்டு அவர் அங்கிருந்து அனுப்புவது என்ற பேச்சே வேண்டாம். அப்படிப் போனால் திரும்பி வரும் பணமும் அவருக்குத்தான் போகும்.

செங்காந்தள் – பதிவு 10

அந்த நிபந்தனையோடு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடன் வாங்கிப் படிக்கும் குடும்பத்தை, ஜிஐசிக்காகத் தனியாக வட்டிக்கு வாங்கி இன்னொரு சுமை ஏற்ற வைக்கக்கூடாது. கன்சல்டன்சிகள் செய்வது அதுதான். 'ஃபண்ட்ஸ் காட்டித் தருகிறோம்' என்று இரண்டு வாரத்துக்குப் பணத்தைக் கணக்கில் போட்டு எடுப்பார்கள், அதற்குக் கமிஷன். நான்கு மாத ஸ்டேட்மென்டில் கடைசிப் பதினைந்து நாளில் மட்டும் 15 லட்சம் வந்து நின்றால் அதிகாரி முதலில் கேட்பது அது எங்கிருந்து வந்தது என்றுதான். நிலம் விற்ற பணம், பிஎஃப் பணம், நகைக்கடன் எதுவானாலும் பத்திர நகல், ரசீது வையுங்கள். காரணத்தோடு வந்த பெரிய தொகையால் பிரச்சினை வராது.

ஐஆர்சிசிக்குக் கட்டும் கட்டணம் ஸ்டடி பர்மிட்டுக்கு 150 டாலர், பயோமெட்ரிக்ஸுக்கு 85 டாலர். மெடிக்கலுக்கு அரசு அங்கீகரித்த பேனல் டாக்டரிடம் நேரில் கட்டுவது தனி. இதற்கு மேல் 'எம்பசி ஃபீஸ்', 'ஃபாஸ்ட் டிராக் ஃபீஸ்' என்று ரசீதில் ஏதாவது இருந்தால் அது கன்சல்டன்சி தானாகப் போட்டது.

ரெஃப்யூசல் வந்தவர்களுக்கு: 2025 ஜூலை 29 முதல் பல மறுப்புக் கடிதங்களோடு அதிகாரி எழுதிய குறிப்பும் சேர்ந்தே வருகிறது. வராவிட்டால் தகவல் கோரிக்கைச் சட்டத்தில் 5 டாலர் கட்டி ஜிசிஎம்எஸ் குறிப்பை (ஐஆர்சிசி கணினியில் உங்கள் கோப்பு பற்றிய பதிவை) வாங்கலாம். கனடாவில் இருக்கும் ஒருவர் உங்கள் ஒப்புதல் படிவத்தோடு கேட்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 5 டாலர் வேலைக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்குகிறார்கள். குறிப்பைப் படிக்காமல் அதே காகிதங்களோடு மறுபடி விண்ணப்பித்தால் மறுபடி அதே பதில்தான் வரும்.

வாட்டர்லூ_வாசி – பதிவு 11

மூன்றாவது கேள்வி, பிஜிடபிள்யூபி, அதாவது படிப்பு முடித்தபின் கிடைக்கும் ஒர்க் பர்மிட். 'நிச்சயம்' என்று சொல்கிறவரிடம் உங்கள் படிப்பின் ஆறு இலக்க சிஐபி கோடு (படிப்பின் துறையைக் குறிக்கும் எண்) என்ன என்று கேளுங்கள். தெரியாது என்றால் அவர் சொல்வதற்கு மதிப்பில்லை.

2024 நவம்பர் 1 அன்றோ அதற்குப் பின்னோ ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்தவர்களில் இளங்கலை, மாஸ்டர்ஸ், பிஎச்டி படிப்பவர்களுக்குத் துறைக் கட்டுப்பாடு இல்லை. கல்லூரி டிப்ளமா, சான்றிதழ் படிப்பு என்றால் அந்த சிஐபி கோடு ஐஆர்சிசி பட்டியலில் இருக்க வேண்டும். ஒரே பெயரில் இரண்டு கல்லூரிகளில் நடக்கும் படிப்புக்கு இரண்டு வேறு கோடு இருக்கலாம். ஆகவே படிப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் கல்லூரிக்கு மெயில் போட்டு, கோடை எழுத்தில் வாங்குங்கள். பட்டியல் மாறவும் செய்யும். 2025 ஜூன் 25இல் பல துறைகளைச் சேர்த்துப் பலவற்றை நீக்கினார்கள், ஜூலை 4இல் நீக்கத்தை மட்டும் தள்ளிப்போட்டார்கள். உங்களுக்குப் பாதுகாப்பு என்னவென்றால், ஸ்டடி பர்மிட்டுக்கு விண்ணப்பித்த நாளில் அந்தத் துறை பட்டியலில் இருந்தாலே போதும். அன்றைய தேதியோடு பட்டியலைச் சேமித்து வையுங்கள்.

பொதுக் கல்லூரியின் பாடத்திட்டத்தைத் தனியார் கேம்பஸில் நடத்தும் ஏற்பாடுகள் டொராண்டோ பக்கம் நிறைய இருந்தன. சான்றிதழில் பொதுக் கல்லூரி பெயர்தான் வரும். 2024 மே 15 முதல் அப்படிப்பட்ட படிப்பைத் தொடங்கியவர்களுக்கு பிஜிடபிள்யூபி கிடையாது. எல்ஓஏவில் கேம்பஸ் முகவரியைப் படியுங்கள். டிஎல்ஐ பட்டியலில் பிஜிடபிள்யூபி உண்டா என்று தனி நிரலே இருக்கிறது, அதையும் பாருங்கள்.

மொழித் தேர்வு: சிஎல்பி என்பது கனடாவின் மொழித்திறன் அளவுகோல். பட்டப்படிப்புக்கு சிஎல்பி 7, கல்லூரிப் படிப்புக்கு சிஎல்பி 5. சேர்க்கைக்கு எழுதிய ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் இதற்குச் செல்லாது. ஐஇஎல்டிஎஸ் ஜெனரல், செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் ஆகியவைதான் ஆங்கிலத்துக்கு ஏற்கப்படுபவை. ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் சிஎல்பி 7 என்றால் நான்கு பிரிவிலும் தலா 6. முடிவு இரண்டு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். கடைசி செமஸ்டரிலேயே எழுதிவிடுங்கள்.

காலக்கெடு இரண்டு இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். படிப்பு முடிந்ததாகக் கல்லூரி எழுத்தில் சொன்ன நாளிலிருந்து 180 நாளுக்குள் பிஜிடபிள்யூபிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஸ்டடி பர்மிட், அதில் அச்சிட்ட தேதி எவ்வளவு தள்ளி இருந்தாலும், படிப்பு முடிந்து 90 நாளில் செல்லாமல் போய்விடும். பர்மிட் செல்லும்போதே விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை முழு நேரம் வேலை செய்யலாம். 120ஆம் நாள் விண்ணப்பித்தால் 180க்குள் இருந்தும் வேலை செய்ய முடியாத சிக்கலில் நிற்பீர்கள்.

பனிப்பூ – பதிவு 12

போன் மோசடி பற்றி யாரும் சொல்லவில்லையே. வந்த முதல் மாதத்திலேயே வரும். பெரும்பாலும் இப்படி இருக்கும்: எல்லைச் சேவை அல்லது ஐஆர்சிசி அதிகாரி என்பார். உங்கள் முழுப் பெயர், கல்லூரி, சில சமயம் பாஸ்போர்ட்டின் கடைசி இலக்கங்கள்கூடச் சொல்வார். "உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது" அல்லது "வந்திறங்கியபோது ஒரு படிவம் நிரப்பவில்லை" என்று ஆரம்பித்து, இன்றைக்குள் அபராதம் கட்டாவிட்டால் கைது என்பார். லைனை வைக்க விடமாட்டார், வீட்டில் யாரிடமும் சொல்லக்கூடாது என்பார். கடைசியில் கேட்பது கிஃப்ட் கார்டு எண், பிட்காயின், இன்டராக் (கனடா பேங்குகளின் பணப் பரிமாற்றம்) இவற்றில் ஒன்று.

திரையில் தெரியும் எண் ஐஆர்சிசியின் 1-888-242-2100 ஆகவே இருந்தாலும் நம்ப வேண்டாம், எந்த எண்ணையும் திரையில் காட்ட அவர்களால் முடியும். வைத்துவிட்டு அதே எண்ணுக்கு நீங்களே அழைத்தால் உண்மையான அலுவலகத்துக்குப் போகும். ஐஆர்சிசி போனில் கட்டணமோ அபராதமோ கேட்காது, கைது செய்வோம் என்று மிரட்டாது. மெயில் முகவரி ஜிசி டாட் சிஏ அல்லது கனடா டாட் சிஏ என்று முடிகிறதா பாருங்கள். ஜிசி-சிஏ டாட் காம் என்று கோடு போட்டு வந்தால் போலி.

ஆனைக்கோட்டை – பதிவு 13

வீட்டு வாடகை. ஸ்காபரோ, பிரம்ப்டன் பக்கம் பேஸ்மென்ட் தேடுற பிள்ளையள் கவனிக்க வேணும். ஒன்டாரியோச் சட்டப்படி வீட்டுக்காரர் முன்பணமாக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும், ஒரு மாதத்துக்கு மேல இல்லை. திறப்புக்கு (சாவிக்கு) திருப்பித் தாற ஒரு சின்னத் தொகை கேட்கலாம். சேதத்துக்கெண்டு டெபாசிட் கேட்கிறது சட்டவிரோதம். அரசாங்கத்தின்ர பொது வாடகை ஒப்பந்தப் படிவம் இருக்கு, அதில எழுதச் சொல்லுங்கோ. பற்றுச்சீட்டுக்குக் காசு கேட்க ஏலாது.

ஆனால் வீட்டுக்காரரோ அவரின்ர குடும்பமோ அதே வீட்டில இருந்து, சமையலறையோ குளியலறையோ உங்களோட பகிர்ந்தால் இந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போக ஏலாது. எங்கட சனத்தின்ர வீடுகளில கன பேர் அப்பிடித்தான் இருக்கினம். அப்பிடியெண்டால் எத்தினை நாள் முன்னறிவித்தல், என்னென்ன அடக்கம் எண்டு ஒரு தாளில எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கோ.

ஊரில இருந்துகொண்டு காசு அனுப்பி அறை பிடிக்க வேண்டாம். வாற காசைத் தானாகவே ஏற்கிற ஓட்டோடெப்பொசிட் போட்டிருக்கிற கணக்குக்கு இன்டராக் அனுப்பினால் அந்த நொடியே போய்ச் சேரும், நிறுத்த ஏலாது. முதல் இரண்டு கிழமைக்குக் கல்லூரி விடுதியோ தெரிஞ்ச ஆக்களின்ர இடமோ பாத்து, நேரில போய்க் கதவைத் திறந்து பாத்துக் குடுங்கோ.

மலைக்கோட்டை_மேகம் – பதிவு 14

வேலை பக்கம் சுருக்கமாக. 2024 நவம்பர் 8 முதல் கல்லூரி நாட்களில் வெளி வேலை வாரம் 24 மணி நேரம். இரண்டு இடத்தில் செய்தாலும் மொத்தம் 24தான். படிப்பு தொடங்கும் முன் வேலை கூடாது. ஒன்டாரியோ குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டாலர். கையில் காசாக 10, 12 கொடுக்கிறவர்கள், மணிக்கணக்கைத் தாண்டியதைச் சொல்லிவிடுவேன் என்று பிறகு மிரட்டுவார்கள்.

கல்லூரி மெயிலுக்கே வரும் 'வீட்டிலிருந்து வேலை' கடிதங்களைப் பாருங்கள். செக் அனுப்புவார்கள், டெபாசிட் செய்து பாதியை வேறொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். செக் மாறும் முன்பே பேங்க் கணக்கில் பணத்தைக் காட்டும். நீங்கள் அனுப்பியபின் செக் திரும்பும், கடன் உங்கள் தலையில். கணக்கை வாடகைக்குக் கேட்பவர்களும் இதே வகை. அதில் வருவது வேறு யாரோ இழந்த பணம்.

ஃபீஸில் 10 சதவீதம் தள்ளுபடி, நாங்கள் கட்டுகிறோம் என்பதும் திருட்டு கார்டு வேலை. போர்ட்டலில் கட்டியதாகக் காட்டும், கார்டுக்காரர் புகார் செய்ததும் கல்லூரி அந்த வரவை ரத்து செய்யும், நீங்கள் கொடுத்தது போய்விடும்.

எல்எம்ஐஏ (வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளி வாங்கும் அரசு அனுமதி) விலைக்கு வாங்காதீர்கள். அதன் 1,000 டாலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது. பிஆருக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி புள்ளி முறையில் வேலைக் கடிதத்துக்குக் கிடைத்த கூடுதல் புள்ளிகளும் 2025 மார்ச் 25இல் எடுக்கப்பட்டுவிட்டன. புள்ளிக்காக 30,000 டாலர் கொடு என்பவர் இல்லாத சரக்கை விற்கிறார்.

பனிப்பூ – பதிவு 15

பணம் போய்விட்டவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்க வேண்டாம், அவமானம் ஏமாற்றியவனுக்குத்தான். முதல் ஒரு மணி நேரத்தில் பேங்குக்குப் போன் செய்து மோசடிப் பிரிவைக் கேளுங்கள். கணக்கை முடக்கி, அனுப்பியதை நிறுத்த முடியுமா பார்ப்பார்கள். அடுத்து மெயில், ஐஆர்சிசி கணக்கு, பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். உள்ளூர் போலீஸில் புகார் கொடுத்து அதன் எண்ணை வாங்குங்கள். பிறகு கனடா மோசடித் தடுப்பு மையம் 1-888-495-8501. சமூகக் காப்பீட்டு எண்ணைக் கொடுத்திருந்தால் கடன் மதிப்பீட்டு நிறுவனங்களான ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் இரண்டிலும் மோசடி எச்சரிக்கை போடச் சொல்லுங்கள். பணம் தமிழ்நாட்டுக் கணக்கிலிருந்து போயிருந்தால் வீட்டில் உள்ளவர்கள் இந்திய சைபர் மோசடி உதவி எண் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவர் எண்ணும் தேதியும் தெரிய வேண்டும், சாட்டை அழித்துவிடாதீர்கள்.

ஆலோசனைக்கு முதலில் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகம். அங்கே உரிமம் உள்ள ஆலோசகர் இருந்தால் இலவசமாகவே பார்ப்பார், நேரம் வாங்கும்போதே கேளுங்கள். ஒன்டாரியோவில் சமூகச் சட்ட மையங்கள் வாடகை, கூலிப் பிரச்சினைகளை இலவசமாகப் பார்க்கின்றன. 211க்கு அழைத்து உங்கள் பகுதியில் எது என்று கேட்கலாம், மொழிபெயர்ப்பாளர் கேட்டால் தருவார்கள். மனம் தாங்காத இரவுகளுக்கு ஒன்டாரியோ மாணவர்களுக்கென்றே குட்2டாக் என்ற உதவி எண் 1-866-925-5454 இருக்கிறது. உயிர் பற்றிய எண்ணம் வந்தால் 9-8-8, நாடு முழுவதும், எந்நேரமும். கூட இருக்கிற பிள்ளை இரண்டு நாள் அறையை விட்டு வராவிட்டால் கதவைத் தட்டிப் பாருங்கள்.

கீழடி26 – பதிவு 16

எல்லாருக்கும் நன்றி. கல்லூரிக்கு மெயில் போட்டுவிட்டேன், சிஐபி கோடும் கேட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் 2028 ஜனவரியில் முடிகிறது. இப்போதே புதுப்பிக்க வேண்டுமா, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாமா?

வாட்டர்லூ_வாசி – பதிவு 17

இப்போதே, தம்பி. பர்மிட்டுகளைப் பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டிக் கொடுக்கமாட்டார்கள். செப்டம்பர் 2026இல் தொடங்கும் இரண்டு வருடப் படிப்பு 2028 ஏப்ரல் வாக்கில் முடியும், உங்கள் ஸ்டடி பர்மிட்டோ ஜனவரியிலேயே நின்றுவிடும். நடுவில் நீட்டிப்புக்கு மறுபடி கட்டணம், மறுபடி காத்திருப்பு. புது பாஸ்போர்ட் எண் வந்ததும் கல்லூரிக்குத் தெரிவித்துவிட்டு, அந்த எண்ணிலேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.